நட்சத்திர வீரர் நிற்பாரா, போவாரா? கோடை வருமுன் நீங்களே கணக்குப் பார்க்க ஒரு வழிகாட்டி

2019 ஜூலை முதல் வாரத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. ஜூன் 13 இரவு ரொறன்ரோ ராப்டர்ஸ் முதல் தடவையாக என்பிஏ என்ற வட அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் கிண்ணத்தை வென்றது. அதை வென்று தந்த கவாய் லெனார்ட் அதே மாதக் கடைசியில் எந்த அணிக்கும் கட்டுப்படாதவர் ஆனார். ஜூலை 3 அன்று பியர்சன் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் போன கறுப்பு வண்டிகளை, லெனார்ட் அதில் இருக்கிறார் என்று, தொலைக்காட்சி ஹெலிகொப்டர்கள் துரத்திக்கொண்டு போயின. தேநீரோடு வந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "ஆர் இந்தப் பெடியன், என்ன களவெடுத்தவன்?" என்று கேட்டார்.

ஜூலை 6 அதிகாலை இரண்டு மணியளவில் செய்தி வந்தது. லெனார்ட் போவது லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்கு. அதற்கு நான்கு நாள் முன்புதான் அவர் பெயர் போட்ட சட்டை வாங்கியிருந்தேன்.

அந்த வாரம் நான் பார்த்திருக்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் பொதுவெளியில் இருந்தன. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஹெலிகொப்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்த கோடைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கூடைப்பந்து பார்க்கத் தொடங்கிய முதல் வருடமே உங்கள் வீரர் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தால் இது உங்களுக்குத்தான். தொகைகள் எல்லாம் அமெரிக்க டொலர். ராப்டர்ஸும் சம்பளத்தை அமெரிக்க டொலரில்தான் கொடுக்கிறது.

1. ஒப்பந்த விவரத்தைத் திறவுங்கள்

ஸ்போட்ராக், பாஸ்கெட்போல் ரெஃபரன்ஸ் என்ற இரண்டு இணையத்தளங்களில் வீரர்களின் ஒப்பந்தங்கள் வருடவாரியாக இருக்கின்றன. அடிப்படை விவரத்துக்குக் காசு தேவையில்லை. வீரரின் பெயரைத் தேடி, கடைசி வருடம் எது, அந்த வருடத்தில் ஒப்ஷன் இருக்கிறதா, இருந்தால் அது யார் கையில் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்ஷன் வீரர் கையில் இருந்தால் கடைசி வருடத்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருடையது. அணி கையில் இருந்தால் அந்த உரிமை அணிக்கு. புதியவர்கள் விழும் முதல் குழி இங்கேதான். "ஒப்ஷனை மறுத்தார்" என்ற தலைப்பைக் கண்டவுடன் போகப்போகிறார் என்று நினைத்துவிடுவோம். லெனார்ட்டுக்கு 2019-20 ஒப்ஷன் 21.3 மில்லியன். சந்தையில் அவருக்குக் கிடைக்கக்கூடியது 32.7 மில்லியன். ரொறன்ரோவில் இன்னும் பத்து வருடம் இருக்க முடிவெடுத்திருந்தாலும் அவர் அந்த ஒப்ஷனை மறுத்திருப்பார். 2024 கோடையில் லெப்ரோன் ஜேம்ஸ் 51.4 மில்லியன் ஒப்ஷனை மறுத்துவிட்டு, சில நாளில் தான் ஆடிய லேக்கர்ஸுடனேயே புதிதாகக் கையெழுத்திட்டார். ஒப்ஷன் தொகையும் சந்தைத் தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது மறுத்தால்தான் காது கொடுக்க வேண்டும்.

"நீடிப்புக்குச் சம்மதிக்கவில்லை" என்ற செய்தியும் இப்படித்தான். நடப்பு ஒப்பந்தத்தை நீடிக்கும்போது முதல் வருடச் சம்பளம் பழைய சம்பளத்தின் 140 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவிதி. 2023க்கு முன் இது 120 வீதம். பழைய சம்பளம் குறைவாக இருக்கும் வீரர் காத்திருப்பது கோபத்தினால் அல்ல, கணக்கினால்.

உங்கள் நட்சத்திரம், அணிகள் புதிய வீரர்களை முறை வைத்துத் தெரிவுசெய்யும் நிகழ்வில் முதல் சுற்றில் தெரிவாகி, நாலு வருடம் முடிக்கும் இளைஞர் என்றால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். அணி உரிய ஒப்பந்த முன்மொழிவைக் கொடுத்து வைத்திருந்தால், வேறு அணி தரும் தொகைக்கு ஈடுகொடுத்து அவரைத் தடுத்து வைக்கும் உரிமை அதற்கு உண்டு. 2022இல் இந்தியானா நாலு வருடம், 133 மில்லியன் என்று பீனிக்ஸ் வீரர் டிஅண்ட்ரே எய்ட்டனிடம் கையெழுத்து வாங்கியது. பீனிக்ஸ் அன்றைக்கே ஈடுகொடுத்தது.

2. எத்தனை வருடம் விளையாடியிருக்கிறார் என்று எண்ணுங்கள்

இது சலிப்பான வேலை, ஆனால் விடையில் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது. லீகில் ஒரு அணிக்கு இவ்வளவுதான் சம்பளம் என்று ஒரு வரம்பு உண்டு. 2025-26க்கு அது 154.647 மில்லியன். ஒரு வீரர் கேட்கக்கூடிய அதிகபட்சம் அதில் ஒரு பங்கு. ஆறு வருடம் வரை அனுபவம் உள்ளவருக்கு 25 வீதம், ஏழு முதல் ஒன்பது வரை 30 வீதம், பத்து முடித்தவருக்கு 35 வீதம். அந்தப் பருவக் கணக்கில் இது சுமார் 38.7, 46.4, 54.1 மில்லியன்.

இப்போது லெனார்ட்டை எண்ணிப் பாருங்கள். 2011இல் வந்தவர், 2019இல் எட்டு வருடம் முடித்திருந்தார். ஆகவே 30 வீதம். இன்னும் இரண்டு வருடம் போனால் 35க்கு ஏறுவார். அப்படியானவர் ஐந்து வருடத்துக்கு ஏன் கையெழுத்திட வேண்டும்? கிளிப்பர்ஸுடன் மூன்று வருடம், சுமார் 103 மில்லியன் என்று போட்டு, மூன்றாம் வருடத்துக்கு ஒப்ஷனைத் தன் கையில் வைத்துக்கொண்டார். 2021இல் அதை மறுத்துவிட்டு, அதே கிளிப்பர்ஸிடம் நாலு வருடத்துக்கு 176.3 மில்லியன் வாங்கினார். நானோ 2019 முழுக்க "ஐந்து வருடம் கொடுக்கக்கூடிய அணி நாங்கள் மட்டும்தானே" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

3. இருந்தால் எவ்வளவு, போனால் எவ்வளவு

சொந்த அணி ஐந்து வருடம் வரை கொடுக்கலாம், வருடாவருடம் முதல் வருடச் சம்பளத்தின் 8 வீதம் கூட்டலாம். வெளி அணிக்கு நாலு வருடம், 5 வீதம். சொந்த அணிக்கு இந்தச் சலுகை பேர்ட் உரிமையால் வருகிறது. பழைய பொஸ்டன் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் வந்த சொல் இது. அது இருந்தால் அணி சம்பள வரம்பைத் தாண்டியும் தன் வீரருக்குக் கொடுக்கலாம். அணி மாறாமல், அல்லது ட்ரேட் (அணிகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்வது) மூலம் மட்டுமே மாறி, மூன்று பருவம் ஓடியிருந்தால் உரிமை முழுமை பெறும். ட்ரேட் ஆனால் உரிமையும் வீரரோடு சேர்ந்து போகும். லெனார்ட் ரொறன்ரோவில் ஒரே ஒரு பருவம்தான் ஆடினார், ஆனாலும் ராப்டர்ஸ் கையில் முழு உரிமை இருந்தது.

தாளும் பேனாவும் எடுங்கள். 2019-20 வரம்பு 109.14 மில்லியன். அதில் 30 வீதம் 32.74. ரொறன்ரோவில் ஐந்து வருடம் என்றால் கூட்டுத்தொகை சுமார் 190 மில்லியன். கிளிப்பர்ஸில் நாலு வருடம் சுமார் 141 மில்லியன். பத்திரிகை எல்லாம் "49 மில்லியனை விட்டுவிட்டுப் போவாரா?" என்று கேட்டன. நானும் கேட்டேன்.

சரி, நாலு வருடத்தை நாலு வருடத்தோடு ஒப்பிடுங்கள். ரொறன்ரோவில் முதல் நாலு வருடம் சுமார் 146.7 மில்லியன். கிளிப்பர்ஸில் 140.8. வித்தியாசம் ஆறு மில்லியனுக்கும் குறைவு. மிச்ச 43 மில்லியனும் ஐந்தாம் வருடச் சம்பளம். அந்த வருடம் அவர் வீட்டில் சும்மா இருக்கப் போவதில்லை, எங்கோ ஒரு அணி கொடுக்கத்தான் போகிறது. எட்டு வீதக் கூட்டலுக்கும் ஐந்து வீதக் கூட்டலுக்கும் இடையிலான சில மில்லியன்தான் உண்மையில் அவர் விட்டுப்போன காசு. ஐந்தாம் வருடம் யாருக்குப் பெரிது என்றால், முப்பதைத் தாண்டியவருக்கும் முழங்காலில் காயம் உள்ளவருக்கும். லெனார்ட்டுக்குக் கால் பிரச்சினை இருந்ததால் அந்தப் பயம் அவரை நிறுத்தும் என்று நம்பினேன். நிறுத்தவில்லை.

சில வேளை கணக்கு நேர் எதிராகவும் ஓடும். 2024இல் ஜேலன் பிரன்சன் ஒரு வருடம் பொறுத்திருந்தால் நியூயோர்க் நிக்ஸிடமே ஐந்து வருடத்துக்கு சுமார் 269 மில்லியன் வாங்கியிருக்கலாம். பொறுக்காமல் நாலு வருடம், 156.5 மில்லியன் நீடிப்புக்குக் கையெழுத்திட்டார். அணிக்கு மற்ற வீரர்களை வைத்திருக்க இடம் கிடைத்தது. கணக்குப் போடுங்கள், ஆனால் அதையே சத்தியவாக்காக எடுக்காதீர்கள்.

4. சூப்பர்மேக்ஸ் தகுதி உண்டா?

எட்டு அல்லது ஒன்பது வருடம் முடித்த வீரர் 35 வீதத்தை முன்கூட்டியே பெற ஒரு வழி உண்டு, அதைத்தான் சூப்பர்மேக்ஸ் என்பார்கள். லீகின் பருவச் சிறந்த வீரர்கள் பட்டியல், எம்விபி (பருவத்தின் மிகச் சிறந்த வீரர்), சிறந்த தடுப்பாட்ட வீரர் ஆகியவற்றில் ஒன்றைக் குறித்த வருடங்களில் பெற்றிருக்க வேண்டும். அதோடு முதலில் சேர்ந்த அணியிலேயே இருக்க வேண்டும், அல்லது முதல் நாலு வருடத்துக்குள் ட்ரேட் ஆகி வந்திருக்க வேண்டும். அணி மாறினால் தகுதி போய்விடும். யானிஸ் அண்டெடோகூன்போ 2020 டிசம்பர் 15 அன்று மில்வாக்கியில் ஐந்து வருடம், 228 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். காலக்கெடு டிசம்பர் 21. லூகா டொன்சிச்சை 2025 பெப்ரவரியில் டலஸ் அணி லேக்கர்ஸுக்கு அனுப்பியபோது, சுமார் 345 மில்லியன் வரை போயிருக்கக்கூடிய சூப்பர்மேக்ஸ் அவருக்கு இல்லாமல் போனது. அவர் கேட்டுப் போனதும் அல்ல. ஆறு மாதம் கழித்து, ஓகஸ்ட் 2 அன்று, லேக்கர்ஸுடன் மூன்று வருடம், 165 மில்லியன் நீடிப்பு எழுதினார்.

5. கூப்பிடும் அணியிடம் இடம் இருக்கிறதா?

வீரர் போக விரும்பினாலும் போகும் இடத்தில் சம்பளத்துக்கு இடம் வேண்டும். ஸ்போட்ராக்கில் ஒவ்வொரு அணியின் மொத்தச் சம்பளமும் இருக்கிறது. அதை வரம்போடு ஒப்பிடுங்கள். அணியின் சொந்த வீரர் இன்னும் கையெழுத்திடாவிட்டாலும் அவர் பெயரில் ஒரு தொகை இடம்பிடித்து நிற்கும். அதைக் கழிக்க மறந்தால் இல்லாத இடத்தை இருப்பதாக நினைப்பீர்கள். எனக்கு இது இரண்டு கோடையில் நடந்தது.

வரம்புக்கு மேலே இன்னும் மூன்று கோடுகள் உண்டு. தாண்டினால் முதலாவதில் வரி, 'ஏப்ரன்' எனப்படும் மற்ற இரண்டிலும் கட்டுப்பாடுகள். 2025-26இல் ஆடம்பர வரிக் கோடு 187.895 மில்லியன், முதலாம் ஏப்ரன் 195.945, இரண்டாம் ஏப்ரன் 207.824. இரண்டாம் ஏப்ரனைத் தாண்டிய அணி ட்ரேட்டில் இரு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுக்கக்கூட முடியாது. பழைய அணி கையெழுத்து வாங்கி உடனே ட்ரேட்டில் அனுப்பும் முறையில் ஒருவரை வாங்கும் அணிக்கு முதலாம் ஏப்ரன் மதிலாக நின்றுவிடும். "எப்படியாவது வழி பண்ணுவார்கள்" என்று நண்பர் சொன்னால் இந்த எண்களைக் காட்டுங்கள்.

இடம் உள்ள அணி ஒன்று பெரிய தொகையோடு வந்தால் சொந்த அணி தயங்குவது உண்டு. 2023இல் ராப்டர்ஸின் ஃப்ரெட் வான்வ்லீட்டுக்கு ஹூஸ்டன் மூன்று வருடம், சுமார் 130 மில்லியன் கொடுத்தது. அவர் போனார். ராப்டர்ஸுக்குக் கைமாறாக ஒன்றும் கிடைக்கவில்லை.

வெற்று இடத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. லெனார்ட் போன அதே இரவில் கிளிப்பர்ஸ் ஓக்லஹோமாவிடமிருந்து இன்னொரு நட்சத்திரமான போல் ஜோர்ஜை வாங்கியது. கொடுத்தது ஐந்து முதல் சுற்றுத் தெரிவுகள், தெரிவு இடத்தை மாற்றிக்கொள்ளும் இரண்டு உரிமைகள், டனிலோ கலினாரி, அப்புறம் ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர். ஹமில்ரனில் வளர்ந்த அந்தப் பெடியன்தான் 2025இல் எம்விபியும் கிண்ணமும் எடுத்தான். லெனார்ட் தனியாகப் போகவில்லை, துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போனார். அதை நாங்கள் ஒருவரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

6. வரி

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோவில் உச்ச வரி 53.53 வீதம், டெக்ஸாஸிலும் ஃப்ளோரிடாவிலும் மாநில வருமான வரியே இல்லை என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வீரர்கள் ஆட்டம் நடக்கும் இடத்துக்கு ஏற்பவும் வரி கட்டுகிறார்கள், 82 ஆட்டத்தில் பாதி வெளியூரில். லெனார்ட் போன கலிஃபோர்னியாவும் மலிவான இடம் அல்ல. இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

7. நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

2024 முதல், இறுதிப்போட்டி முடிந்த மறுநாளே அணி தன் சொந்த வீரருடன் புதிய ஒப்பந்தம் பற்றிப் பேசலாம். இந்த ஒன்றிரண்டு கிழமைதான் இப்போது கவனமாகப் பார்க்க வேண்டிய காலம். இருக்க விரும்புகிறவர் பலர் இதற்குள்ளேயே முடித்துவிடுகிறார்கள்.

ஒப்ஷன் முடிவுகள் பெரும்பாலும் ஜூன் 29க்குள். சில ஒப்பந்தங்களில் திகதி முந்தியே வரும், ஆகவே ஆளாளுக்குப் பாருங்கள்.

ஜூன் 30 மாலை 6 மணி, ரொறன்ரோ நேரம். எல்லா அணிகளும் எல்லாரோடும் பேசத் தொடங்கும் நேரம் இது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அப்போது ஜூலை 1 அதிகாலை 3.30, சிங்கப்பூரில் காலை 6, லண்டனில் இரவு 11. ஊரில் இருந்து பார்ப்பவர்கள் ஒன்பது மணிக்கே படுத்து அலாரம் வைப்பது நல்லது.

ஜூலை 6 நண்பகல் 12.01 வரை பெரிய ஒப்பந்தங்களில் கையெழுத்து இல்லை, வாய்ப்பேச்சுத்தான். ஊரில் அது இரவு 9.31. அதுவரை "சம்மதித்தார்" என்ற சொல்லுக்குச் சட்டப் பெறுமதி கிடையாது. 2015இல் கிளிப்பர்ஸின் டிஅண்ட்ரே ஜோர்டன் டலஸுக்கு வருவதாக வாக்குக் கொடுத்தார். பிறகு மனம் மாறியது. கிளிப்பர்ஸ் வீரர்களும் பயிற்சியாளரும் ஹூஸ்டனில் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொண்டார்கள். கையெழுத்துக்கான தடைக்காலம் முடிந்த நள்ளிரவில் கிளிப்பர்ஸுக்கே கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் நாளே பதில் வராவிட்டால் பதறாதீர்கள், சந்தோஷப்படவும் வேண்டாம். லெனார்ட் ஆறு நாள் எடுத்தார். அந்த ஆறு நாளும் "இவ்வளவு யோசிக்கிறார் என்றால் இருக்கப் போகிறார்" என்று வாட்ஸ்அப் குழுவில் சொன்னவன் நான். அவர் யோசித்துக்கொண்டு இருக்கவில்லை, ஜோர்ஜுக்காகக் காத்திருந்தார்.

8. செய்தியை எப்படி வாசிப்பது

பெரிய செய்திகளை முதலில் வெளியிடும் நிருபர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். ஆட்ரியன் வொஜ்னரோவ்ஸ்கி 2024இல் ஓய்வு பெற்றார், ஷம்ஸ் சரானியா இப்போது ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சியில். அவர்கள் பெயரிலேயே ஓர் எழுத்து மாற்றி போலிக் கணக்குகள் திரியும். ஜூன் கடைசியில் எதையும் பகிருமுன் கணக்கின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். என்னைப் போல மாமா முறையானவர்கள் குடும்பக் குழுவில் போலியைப் போட்டு மருமக்களிடம் அவமானப்பட வேண்டாம்.

"சம்மதித்தார்" என்பதும் "எதிர்பார்க்கப்படுகிறது" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது சொல் பெரும்பாலும் யாரோ ஒரு முகவருக்குப் பயன்படும் கதை. வீடு வாங்கினார், படத்தை நீக்கினார் போன்ற துப்புகளை நம்பி ஒன்றும் செய்யாதீர்கள். லெப்ரோன் லொஸ் ஏஞ்சலிஸில் வீடுகள் வாங்கியிருந்தார், 2018இல் அங்கே போனார், அது சரிவந்தது. விமான நிலைய வண்டிகள் சரிவரவில்லை. நான் ஓரளவு மதிப்பது சொந்த ஊரைத்தான். லெனார்ட் லொஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே ரிவர்சைட் பக்கம் வளர்ந்தவர். அது எனக்கு முதலிலேயே தெரியும். கேட்க விருப்பமில்லாததால் கேட்கவில்லை.

பேச்சு நேரத்துக்குத்தான் தொடங்கும் என்றும் நம்ப வேண்டாம். 2022இல் பிரன்சன் விஷயத்தில் நேரத்துக்கு முன் பேசியதற்காக நிக்ஸிடமிருந்து லீக் ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவைப் பறித்தது. மாலை 6 மணிக்குச் சில நிமிடங்களில் நாலு வருட ஒப்பந்தம் ஒன்று எப்படி முடிகிறது என்று இனி யோசிக்க மாட்டீர்கள்.

9. செலவு

தகவலுக்கு ஒரு சதமும் வேண்டாம். லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் சங்கத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது. அறுநூறு பக்கத்துக்கு மேல். முழுதாக வாசிக்காதீர்கள், தேவையான சொல்லைத் தேடி அந்தப் பத்தியை மட்டும் பாருங்கள்.

காசு போவது சட்டையில். 2019 ஜூலை 2 அன்று நான் வாங்கியதற்கு வரியோடு நூற்றைம்பது டொலருக்குக் கிட்டப் போனது. ஆறாம் திகதி கொண்டுபோனால், பெயர் அச்சிட்டது திருப்பி எடுப்பதில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அது பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் இருப்பவரின் சட்டையை மார்ச் முதல் ஜூலை 6 வரை வாங்காதீர்கள். மிகவும் ஆசை என்றால் பெயரில்லாத சட்டை எடுங்கள்.

10. கையெழுத்து விழுந்த பிறகு

கையெழுத்திட்டவர் அங்கேயே இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டெமார் டிரோசன் 2016இல் வேறு அணிகளிடம் போகாமலே ரொறன்ரோவில் ஐந்து வருடம், 139 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். 2018 ஜூலையில் அணியே அவரை சான் அன்ரோனியோவுக்கு அனுப்பி லெனார்ட்டை வாங்கியது. டேமியன் லில்லார்ட் 2022இல் போர்ட்லண்டில் நீடிப்பு எழுதினார், மறுவருடம் ஜூலை 1 அன்று தன்னை அனுப்பிவிடும்படி கேட்டார். ட்ரேட்டைத் தடுக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க எட்டு வருட அனுபவமும் அதே அணியில் நாலு வருடமும் வேண்டும். ஆகவே அது மிகச் சிலரிடம்தான் இருக்கும்.

அணிகளும் பாடம் படிக்கின்றன. வான்வ்லீட்டைச் சும்மா இழந்த ராப்டர்ஸ் அடுத்த கோடைக்குக் காத்திருக்கவில்லை. ஓஜி அனுனோபியை 2023 டிசம்பர் 30 அன்றும், பஸ்கல் சியாகமை 2024 ஜனவரியிலும், இருவரின் ஒப்பந்தமும் முடியுமுன்னே அனுப்பிவிட்டது. ஆகவே கடைசி வருடத்தில் இருப்பவரைப் பார்க்கும்போது ஜூலையை விட்டுவிட்டு, பெப்ரவரி தொடக்கத்தில் வரும் ட்ரேட் கெடுவை முதலில் குறியுங்கள்.

போன கிழமை மருமகன் கேட்டான், "மாமா, ஸ்கொட்டி பார்ன்ஸ் இருப்பாரா?" ஒப்பந்தம் 2029-30 வரை ஓடுகிறது என்று காட்டினேன். "அப்ப சட்டை வாங்கலாமோ?" என்றான். பெப்ரவரி கெடு முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.